கூரைக்குக் கீழே ஓரடிச் சந்து

எங்கள் தோட்டம் கரூர் மாவட்டத்தில், க.பரமத்திக்குப் பக்கத்தில் இருக்கிறது. கோடை வந்தால் சாயங்காலச் செய்தியில் இன்று வெயில் அதிகம் பதிவான ஊர்கள் என்று ஒரு பட்டியல் வாசிப்பார்களே, அதில் கரூர் பரமத்தி என்ற பெயர் அடிக்கடி வரும். அந்த ஊர்தான். பங்குனி பிறந்துவிட்டால் காற்றில் ஈரம் என்பதே இருக்காது. வேலிக் கிளுவை இலையெல்லாம் உதிர்த்துவிட்டுக் குச்சியாக நிற்கும். மே 4இல் கத்திரி தொடங்கும் என்று காலண்டர் சொல்லும். எங்களுக்கு அதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்கிவிடும்.

அக்காவைக் கட்டிக்கொடுத்த இடம் இதற்கு நேர் எதிர். ஊட்டியிலிருந்து எமரால்டு போகிற வழி. மாமா அங்கே வாத்தியார். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நிலம், அதில் கேரட்டும் உருளைக்கிழங்கும். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை எழுந்து பார்த்தால் புல்லெல்லாம் உப்பைத் தூவிவிட்டது போல உறைபனி கிடக்கும். தேயிலை கருகாமல் இருக்கத் தாகைச் செடியை வெட்டி வந்து மேலே போர்த்தி வைத்திருப்பார்கள்.

இந்த இரண்டு ஊரிலும் நான் கோழிக்கூண்டு கட்டியிருக்கிறேன். இரண்டு ஊரிலும் முதல் முறை தப்பாகக் கட்டினேன். இரண்டு தப்பும் ஒரே தப்புதான் என்று புரிய எனக்கு ஐந்து வருஷம் ஆனது. அந்த ஐந்து வருஷத்தில் செத்த கோழிகளுக்கு நான் பட்டிருக்கும் கடன்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கீழ்நாட்டுக் கதை.

அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, இருந்த வரைக்கும் எங்கள் வீட்டில் கூண்டு என்று தனியாக ஒன்று கிடையாது. கொடாப்பு இருந்தது. தெற்கே பஞ்சாரம் என்பார்கள், மூங்கில் சிம்பு பின்னிய பெரிய கூடை. குஞ்சுக்கோழிக்கு அது. மற்றவை எல்லாம் பொழுது சாய்ந்தால் முருங்கை மரத்திலும் மாட்டுக்கொட்டகை விட்டத்திலும் ஏறிக்கொள்ளும். வருஷத்துக்கு நாலைந்தைக் கீரியோ காட்டுப்பூனையோ கொண்டுபோகும். அம்மிச்சி அதை ஒரு வரி கட்டுகிற மாதிரி எடுத்துக்கொள்வார்.

அம்மிச்சிக்குப் பிறகு கோழிகள் என் பொறுப்புக்கு வந்தன. நாற்பது சிறுவிடைகள், நாட்டுக்கோழியில் சின்ன ரகம். எனக்கு அந்த வரியைக் கட்ட மனசில்லை. நல்ல உறுதியான கூண்டாகக் கட்டிவிடலாம் என்று தீர்மானித்தேன். பன்னிரண்டு அடிக்கு எட்டு அடி. மூன்று பக்கம் ஹாலோ பிளாக் சுவர், கூரைவரைக்கும். முன்பக்கம் கதவும், அதற்கு மேல் சின்னதாக ஒரு கம்பிவலைச் சன்னலும். மேலே தகரம். இடம் வசதியாக இருந்தது என்று நீளவாட்டுச் சுவர் மேற்கைப் பார்க்கும்படி வைத்தேன். கொத்தனாரே மெச்சினார், “கீரியென்னங்க, எறும்புகூட நுழையாதுங்க” என்று.

அந்தச் சித்திரையில் ஒருநாள் கரூரில் ஒரு கல்யாணம். பத்து மணிக்குக் கோழிகளை உள்ளே விட்டு, தண்ணீர் நிரப்பி, உள்ளே மாட்டியிருந்த மின்விசிறியைப் போட்டுவிட்டுப் போனேன். வெளியில் விட்டால் நாய் வந்துவிடுமோ என்ற பயம். பதினோரு மணிக்குக் கரண்ட் போயிருக்கிறது. மூன்று மணிக்கு நான் வந்து கதவைத் திறந்தபோது அனல் முகத்தில் அடித்தது. பதினொன்று செத்துக் கிடந்தன. மிச்சம் இருந்தவை இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்து, வாயைப் பிளந்து, தொண்டை படபடவென்று துடிக்க நின்றிருந்தன. தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் இருந்தது. தொட்டுப் பார்த்தேன். குளிக்க விளாவிய வெந்நீர் போலச் சுட்டது.

அடுத்த நாள் கால்நடை மருந்தகத்துக்கு ஒரு கோழியை எடுத்துக்கொண்டு போனேன். நோயாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம். டாக்டர் அறுத்துப் பார்த்துவிட்டு, “நோய் ஒன்றும் இல்லைங்கம்மா, வெப்ப அயற்சி” என்றார். அந்த வார்த்தையைப் பேப்பரில் பார்த்திருக்கிறேன். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து கோழிப்பண்ணையாளர்களுக்கு வானிலை அறிவிப்பு வரும், அதில் கோழிகள் எதனால் இறந்தன என்றும் போடுவார்கள். கோடை முழுக்க இந்த வார்த்தைதான். அது லட்சக்கணக்கில் முட்டைக்கோழி வளர்க்கும் பண்ணைக்காரர்கள் விஷயம், நமக்கென்ன என்று தாண்டிப் போயிருக்கிறேன்.

டாக்டர் அன்று வேறு கூட்டம் இல்லாததால் பொறுமையாகச் சொன்னார். கோழியின் உடம்புச் சூடு சாதாரணமாகவே 41 டிகிரி செல்சியஸ். நமக்கு 37. கோழிக்கு வேர்க்காது. வேர்வைச் சுரப்பியே கிடையாது. அதனால் அது சூட்டை வெளியே தள்ள இரண்டே வழிதான். கொண்டை, தாடை, இறகில்லாத கால், இறக்கையின் அடிப்பக்கம், இவற்றின் மேல் காற்றுப் பட்டுச் சூடு போக வேண்டும். இல்லாவிட்டால் வாயைத் திறந்து இரைத்து, மூச்சோடு நீராவியாக அனுப்ப வேண்டும். காற்று 20, 25 டிகிரியில் இருக்கும்போது முதல் வழியே போதும். 30ஐத் தாண்டினால் தீனி குறையும், இரைப்பு தொடங்கும். 38, 40 ஆகும்போது காற்றுக்கும் கோழிக்கும் சூட்டில் வித்தியாசமே இல்லை. அப்புறம் இரைப்பு ஒன்றுதான் அதன் உயிர். அந்த இரைப்பும் வேலை செய்ய வேண்டுமானால் கோழியைச் சுற்றியிருக்கிற காற்று உலர்ந்து இருக்க வேண்டும், நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அடைத்த அறைக்குள் நாற்பது கோழிகள் மூச்சில் நீராவி விட்டால் கொஞ்ச நேரத்தில் அந்தக் காற்று மேற்கொண்டு ஈரத்தை வாங்காது.

“கீரி வராம இருக்கத்தான் கட்டினீங்க. காத்தும் வராமப் போயிருச்சுங்க” என்றார்.

அந்த வாரமே சுவரை இடித்தேன். கீழே ஒன்றரை அடி மட்டும் வைத்துக்கொண்டு, மேலே கூரைவரைக்கும் வலை. கோழிவலை என்று கடையில் விற்கிற அறுகோண வலை வேண்டாம். அது கோழியை உள்ளே வைக்கும், நாயை வெளியே வைக்காது. பற்றவைத்த கட்டக் கம்பிவலை, வெல்டு மெஷ் என்று கேட்டால் கொடுப்பார்கள், அரை அங்குலக் கண்ணாக வாங்க வேண்டும். கீரியின் தலை நுழையாத கண். சுவர் இல்லாத பக்கமாக இருந்தால் மண்ணுக்குள் ஓரடி புதைக்க வேண்டும். செலவு ஹாலோ பிளாக்கை விடக் கூடுதல்தான். கீரிக்கும் காற்றுக்கும் வித்தியாசம் தெரிந்த ஒரே சுவர் அதுதான் என்பதால் அந்தச் செலவைச் செய்யத்தான் வேண்டும்.

வாட்டத்தை மாற்ற முடியவில்லை. நீங்கள் புதிதாகக் கட்டுவதாக இருந்தால் இதை மட்டும் மறக்காதீர்கள்: நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்க வேண்டும். அப்போது வெயில் படுவது இரண்டு குறுகிய பக்கங்களில்தான். நடுப்பகலில் சூரியன் உச்சியில் இருக்கும், கூரை தடுத்துவிடும். கூரை இரண்டு பக்கமும் மூன்றடி நீட்டிக்கொண்டிருந்தால் சாரலும் உள்ளே வராது. என் கூண்டு மேற்கு வெயிலை முழுசாக வாங்குகிற கூண்டு. அதனால் அந்தப் பக்கம் இரண்டு புங்கன் கன்று வைத்தேன். புங்க நிழலின் குளுமையை எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மரம் வளர நாலு வருஷம் ஆகுமே. அதுவரைக்கும் மேற்கே நாலடி தள்ளிப் பந்தல் போட்டுத் தென்னங்கீற்றைத் தொங்கவிட்டேன். வலையை ஒட்டிக் கட்டக் கூடாது. வெயிலை மறைக்க வேண்டும், காற்றை மறைக்கக் கூடாது என்றால் நடுவில் இடைவெளி இருந்தாக வேண்டும்.

அப்புறம் கூரை. தகரம் வெயிலை வாங்கிக் கீழே இருக்கிற கோழியின் முதுகில் அப்படியே இறக்குகிறது. நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு வெப்பமானி வாங்கி, கோழி உட்காருகிற உயரத்தில் தொங்கவிட்டேன். இதை எல்லோரும் செய்ய வேண்டும். நாம் நிற்கிற உயரத்துச் சூடு வேறு, கோழி நிற்கிற உயரத்துச் சூடு வேறு. வெறும் தகரத்தின் கீழே மத்தியானம் இரண்டு மணிக்கு 44 காட்டியது. கூரைக்கு வெளிப்புறம் சுண்ணாம்பை இரண்டு கை அடித்தேன். மாசியில் ஒரு கை, பங்குனியில் ஒரு கை. சுண்ணாம்பை முதல் நாளே ஊறப்போட்டு வடிகட்டி, தகரத்தில் ஒட்டுவதற்காகக் கொஞ்சம் பெவிகால் கலக்க வேண்டும். அதன் பிறகு அதே மாதிரியான ஒரு நாளில் 40. தகரத்துக்கு மேல் சோளத்தட்டை ஓரடிக் கனத்துக்குப் பரப்பிக் கயிறு போட்டுக் கட்டினேன். 38க்கு வந்தது. சோளத்தட்டில் எலி சேரும், எலியைத் தேடிப் பாம்பு வரும், அதனால் ஆடி பிறந்ததும் இறக்கி மாட்டுக்குப் போட்டுவிடுவேன். மின்கம்பி மேலே போகிற இடத்தில் இந்த வேலையே வேண்டாம்.

44க்கும் 38க்கும் நடுவில் இருக்கிற அந்த ஆறு டிகிரிதான் பதினொரு கோழியின் உயிர்.

இவ்வளவு செய்தும் முகட்டில் சூடு தேங்கியது. சூடான காற்று மேலே ஏறும், ஏறி வெளியே போக வழி இல்லாமல் தகரத்துக்கு அடியில் நிற்கும். முகட்டுத் தகரத்தை எடுத்துவிட்டு, ஓரடி உயர்த்தி, குடை பிடித்த மாதிரி தனியாக ஒரு தகரம் வைத்துக் கொடுத்தார் எங்கள் ஊர் வெல்டர். சுற்றிலும் வலை. அன்று சாயங்காலம் கூண்டுக்குள் நின்று ஒரு பத்தியைக் கொளுத்திப் பார்த்தேன். புகை நேராக மேலே போய் அந்தச் சந்து வழியாக வெளியேறியது. வலைப் பக்கத்திலிருந்து புதுக்காற்று கீழே வந்தது. கரண்ட் இல்லாமல் ஓடுகிற மின்விசிறி அது.

ஈரச்சாக்கைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பக்கவாட்டில் சாக்கைத் தொங்கவிட்டு நனைத்தால் கூண்டு குளிரும் என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கள் ஊரில் அது உண்மை. பங்குனி, சித்திரை மத்தியானத்தில் எங்கள் காற்று எலும்பு மாதிரி காய்ந்திருக்கும், ஈரத்தை உடனே உறிஞ்சிக்கொண்டு குளிரும். ஆனால் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கடற்கரைப் பக்கம் கோழி வைத்திருப்பவர்கள் இதைச் செய்யும்போது யோசிக்க வேண்டும். அங்கே காற்று ஏற்கெனவே ஈரத்தைச் சுமந்துகொண்டுதான் வருகிறது. மேலும் ஈரத்தைக் கூட்டினால் கோழியின் இரைப்பு வீணாகிவிடும். கோடை மழை பெய்து புழுங்குகிற நாளில் நாங்களும் சாக்கைச் சுருட்டிவிடுவோம். எந்த ஊரானாலும் ஒரு பக்கம் மட்டும்தான் சாக்கு, காற்று வருகிற பக்கம். எதிர்ப்பக்கம் திறந்தே இருக்க வேண்டும்.

தண்ணீர்தான் பாதி வைத்தியம். சாதாரண நாளில் கோழி தின்கிற தீனியைப் போல இரண்டு பங்கு தண்ணீர் குடிக்கும். கோடையில் அது மூன்று, நான்கு பங்காகும். ஆனால் சுடுதண்ணீரைக் கோழி குடிக்காது. மொட்டைவெயிலில் நிற்கிற கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து வருகிற தண்ணீர் எப்படி இருக்கும் என்று மத்தியானம் கை கழுவினாலே தெரியும். தொட்டிக்கு மேல் கீற்றுப் போட்டேன், குழாயை மண்ணுக்குள் புதைத்தேன், கூண்டுக்குள் பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு மண் சட்டிகளை வைத்தேன். பதினோரு மணிக்கு ஒரு தடவை, இரண்டு மணிக்கு ஒரு தடவை கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர். நீர்மோர் கலந்து வைப்பேன், சில நாள் நெல்லிக்காயை இடித்துச் சாறு விடுவேன். மோரோ சாறோ கலந்த தண்ணீரைச் சாயங்காலம் வரை வைக்கக் கூடாது, புளித்துவிடும்.

தீனி கொடுக்கும் நேரத்தை மாற்றியதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். தின்ற தீனி செரிக்கும்போது உடம்பு சூடாகும். அந்தச் சூடு தின்று நாலைந்து மணி நேரம் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். ஒன்பது மணிக்கு வயிறு நிறையத் தின்ற கோழி இரண்டு மணி வெயிலை உள்ளே ஓர் அடுப்போடு சந்திக்கிறது. இப்போது விடியற்காலை ஐந்தரைக்கே தீனி. எட்டரைக்குத் தட்டை எடுத்துவிடுவேன். மறுபடி சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், வெளிச்சம் போகும் வரை. கிளிஞ்சல் தூளைச் சாயங்காலத் தீனியோடுதான் வைக்கிறேன், ஏனென்றால் முட்டையோடு உருவாவது பெரும்பாலும் இரவில். கோடையில் ஓடு கெட்டியாகாத தோல் முட்டை விழுவதற்கும் இரைப்புதான் காரணம். இரைத்து இரைத்துக் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியே போய்விடுவதால் ரத்தத்தின் தன்மை மாறி, சுண்ணாம்புச் சத்து ஓட்டுக்குப் போய்ச் சேருவதில்லை.

ஒரு கோழி தள்ளாடுகிறது, கண் சொருகுகிறது என்றால் யோசிக்காமல் தூக்கி நிழலுக்குக் கொண்டுபோய், வாளித் தண்ணீரில் கழுத்துவரை நனைத்து எடுங்கள். பச்சைத் தண்ணீர் போதும், ஐஸ் தண்ணீர் வேண்டவே வேண்டாம். வாயைத் திறந்து தண்ணீரை ஊற்றாதீர்கள், இரைக்கிற கோழிக்கு அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். மூக்கு நுனியைத் தண்ணீரில் தொட்டுக் காட்டுங்கள், தெம்பு வந்தால் தானே குடிக்கும். இப்படி நான் ஏழெட்டுக் கோழிகளை மீட்டிருக்கிறேன். இரண்டு பிழைக்கவில்லை.

கோடைக் கதை இவ்வளவு நீளமாகப் போய்விட்டது. எங்கள் ஊரில் வருஷத்தில் பாதி அதுதான்.

இப்போது மலைக்கு வருகிறேன். கீழே கூண்டைச் சரிசெய்து இரண்டு வருஷம் கழித்து அக்கா கூப்பிட்டாள். “இங்க முட்டை வெலைக்கு நாமளே நாலு கோழி வெச்சா என்னடி? வந்து ஒரு கூண்டு கட்டிக் குடு.” ஐப்பசியில் போய்க் கட்டினேன். பதினைந்து கோழிகளுக்குப் பலகைக் கூண்டு. தரையிலிருந்து இரண்டடி உயர்த்தி, பக்கத்தில் வலை, மேலே தகரம். மார்கழியில் மறுபடி போனபோது ராத்திரிக் குளிர் எனக்கே தாங்கவில்லை. இந்தக் கோழிகள் என்ன பாடுபடும் என்று மனசு அடித்துக்கொண்டது. மறுநாள் ஊட்டிக்குப் போய்த் தார்ப்பாய் வாங்கி வந்து, கூரையின் ஓரத்தில் ஆணி அடித்து, சன்னல் திரை மாதிரி நாலு பக்கமும் தொங்கவிட்டுக் கட்டினேன். மேலே ஒரு பொட்டு இடைவெளி இல்லை. கீழே மட்டும் தார்ப்பாய் எட்டாமல் அரையடி நின்றது. அது பரவாயில்லை, காற்று வேண்டுமே என்று விட்டுவிட்டேன்.

இரண்டே வாரத்தில் அக்கா போன் பண்ணினாள். கோழிகள் மூச்சு விடும்போது கொர்கொர் என்கின்றனவாம், கண்ணில் நுரை கட்டியிருக்கிறதாம், காலையில் உள்ளே போனால் கண் எரிகிறதாம். நான் போய்ச் சேருவதற்குள் மூன்று போய்விட்டன. அதில் ஒன்று அம்மிச்சி வைத்திருந்த கோழியின் வம்சம், கீழேயிருந்து நானே கூடையில் கொண்டுபோய்க் கொடுத்தது.

விடியற்காலை ஆறு மணிக்கு அந்தக் கூண்டைத் திறந்தபோது முகட்டுத் தகரத்தின் அடிப்பக்கம் முழுக்க நீர்த்துளிகள். கோழிகள் ராத்திரி விட்ட மூச்சுதான் குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகி, திரும்ப அவற்றின் முதுகிலேயே சொட்டிக்கொண்டிருந்தது. கோழி எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர்தான். அந்த ஈரமும் வெளியே போகவில்லை. கீழே விரித்திருந்த மரத்தூள் சொதசொதவென்று இருந்தது. அந்த ஈரத்திலிருந்துதான் அம்மோனியா கிளம்புகிறது, கண்ணை எரிப்பது அதுதான். கோழியின் மூச்சுக்குழலை அது புண்ணாக்கிவிட்டால் சளி நோய் தானாக வந்து குடியேறும். கீழே விட்ட அரையடிச் சந்து வழியாகக் குளிர்காற்று நேராக வந்து, தாழ்வாகப் போட்டிருந்த கம்பில் உட்கார்ந்திருந்த கோழிகளின் நெஞ்சில் அடித்தது.

அன்று அந்த ஈரத் தகரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. கீழே கரூரில் மேல்சந்து இல்லாததால் சூடு தேங்கிக் கொன்றது. இங்கே மேல்சந்து இல்லாததால் ஈரம் தேங்கிக் கொன்றது. இரண்டு இடத்திலும் பயந்துகொண்டு அடைத்தது நான்தான்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஐம்பது வருஷமாக அங்கே கோழி வைத்திருப்பவர். “அதுக்குத்தான் சாமி சட்டை போட்டு விட்டிருக்கே, நீ ஏம்மா போர்த்தற? நனையாமப் பாத்துக்கிட்டாப் போதும்” என்றார்.

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை கூடுதல் குறைவு இல்லை. இறகு முழுசாக முளைத்த பெரிய கோழி குளிர் வந்தால் இறகைச் சிலிர்த்துக்கொள்ளும். இறகுகளுக்கு நடுவே அடைபடுகிற காற்றுதான் அதன் கம்பளி. தலையை இறக்கைக்குள் சொருகிக்கொள்ளும், ஒரு காலை மடக்கி வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும். காய்ந்த இறகோடு இருந்தால் உறைபனி விழுகிற ராத்திரியையும் அது தாண்டிவிடும். ஆனால் இறகு நனைந்தாலோ, நேரே காற்று அடித்து இறகைப் பிரித்தாலோ அந்தக் கம்பளி போயிற்று.

தார்ப்பாயைப் பிடுங்கி, தலைகீழாகக் கட்டினேன். இதைத்தான் பெரிய பண்ணைகளில் செய்கிறார்கள், பல்லடம் பக்கம் பஸ்ஸில் போகும்போது பார்த்தும் நான் கவனிக்காதது. படுதாவின் அடிப்பக்கத்தைக் கீழே ஆணியடித்து நிறுத்திவிட வேண்டும். மேல்பக்கத்தில் கயிறு. கயிற்றை இழுத்தால் படுதா கீழிருந்து மேலே ஏறும், விட்டால் இறங்கும். எவ்வளவு குளிரானாலும் மேலே ஓரடியை மூடுவதே இல்லை. அப்போது காற்று கோழியின் தலைக்கு மேலே வந்து, தலைக்கு மேலேயே ஈரத்தை அள்ளிக்கொண்டு போகிறது. உட்கார்ந்திருக்கிற கோழியின் மேல் ஒரு இறகுகூட அசையாது.

கம்பையும் மாற்றினோம். மாமா பிளாஸ்டிக் குழாயைப் போட்டிருந்தார், கழுவ வசதி என்று. அது குளிரில் ஜில்லிட்டுக் கிடக்கும், கோழியின் பிடியும் நழுவும். இரண்டு அங்குலம் கனம், மூன்று அங்குலம் அகலம் உள்ள மரச்சட்டத்தை அகலப் பக்கம் மேலே இருக்கும்படி போட்டோம். அப்போதுதான் கோழி உட்காரும்போது விரல்கள் நெஞ்சு இறகுக்குள் முழுசாக மறையும். தரையில் ஆறு அங்குலத்துக்கு மரத்தூளும் உமியும். இரண்டு நாளுக்கு ஒரு தடவை கிளறிவிட வேண்டும். ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்துவிட்டால் சரி. கொழுக்கட்டை மாதிரி அப்படியே நின்றால் ஈரம் அதிகம், நீத்த சுண்ணாம்பைக் கொஞ்சம் தூவிக் கிளறி, புதுத் தூள் போட வேண்டும். ஈரத் தரையில் ரத்தக்கழிச்சலும் சேர்ந்து வரும் என்பதால் இந்தச் சோதனையைக் கீழ்நாட்டிலும் மழைக்காலம் முழுக்கச் செய்கிறேன். எங்கள் ஊரில் குளிர்காலம் என்பது பெயருக்குத்தான். ஐப்பசி, கார்த்திகை ஈரம்தான் எங்களுக்கு மலைக்குளிர்.

அக்காவுக்கு இன்னொரு பழக்கம் சொல்லிக் கொடுத்தேன். காலையில் கதவைத் திறந்ததும் கோழிகளை விரட்டுவதற்கு முன்பு, உள்ளே ஒரு நிமிஷம் குத்தவைத்து உட்கார வேண்டும், கோழியின் மூக்கு இருக்கிற உயரத்தில். மூக்கு சுருங்கினாலோ கண் கரித்தாலோ அன்றைக்கே ஏதாவது செய்ய வேண்டும். நின்றபடி எட்டிப் பார்த்தால் எதுவும் தெரியாது.

மாமா கணப்பைக் கொண்டுபோய்க் கூண்டுக்குள் வைக்கலாமா என்று கேட்டார். கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அடைத்த அறையில் கரி அடுப்பை வைத்துத் தூங்கிய ஆட்களே காலையில் எழுந்திருக்காத செய்தியை மலை ஊர்களில் கேட்டிருக்கிறோம். கோழிக்கு வெளியிலிருந்து சூடு வேண்டியதில்லை, உள்ளே எரிய விறகு வேண்டும். பொழுது சாய்வதற்கு அரைமணி நேரம் முன்பு ஆளுக்கு ஒரு பிடி உடைத்த மக்காச்சோளம். கோடையில் எந்தச் செரிமானச் சூட்டுக்குப் பயந்து தீனியை எடுத்தேனோ, அதே சூடு இங்கே ராத்திரி முழுக்கக் கோழியைக் காக்கிறது. காலையில் கைபொறுக்கும் சூட்டில் தண்ணீர்.

குஞ்சுகளுக்கு மட்டும் இந்தச் சட்டம் பொருந்தாது. அவற்றுக்குச் சட்டை இன்னும் தைக்கவில்லை. முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டு வரலாம். ஐம்பது குஞ்சுக்கு ஒரு 100 வாட் குண்டு பல்பு என்று நாங்கள் வைப்போம், மலையில் இரண்டு. வெப்பமானியை விடக் குஞ்சுகளே சரியாகச் சொல்லும். பல்புக்கு அடியில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்று கத்தினால் குளிர். பல்பை விட்டு ஓரத்தில் ஒதுங்கி வாயைத் திறந்தால் சூடு அதிகம். பரவலாகத் தின்றுகொண்டும் தூங்கிக்கொண்டும் இருந்தால் நீங்கள் போய்த் தூங்கலாம். தாய்க்கோழி இருந்தால் இது எதுவுமே வேண்டாம். அதனால் அக்காவிடம் மார்கழியில் குஞ்சு வாங்காதே, மாசி கடைசியில் அடைவைத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். நாங்கள் கீழே சித்திரையில் அவயம், அதாவது அடை, வைப்பதில்லை. அடைக்கு எடுத்துவைக்கிற முட்டையே அந்தச் சூட்டில் கெட்டுவிடும். ஈரமணல் நிரப்பிய பானையின் மேல் முட்டையை வைத்து அம்மிச்சி சமாளிப்பார், ஆனாலும் பங்குனிக்கு மேல் அவர் அடைவைத்து நான் பார்த்ததில்லை.

குளிர்காலத்தில் முட்டை குறைகிறதே என்று அக்கா கவலைப்பட்டாள். அது குளிரால் மட்டும் இல்லை, வெளிச்சம் குறைவதாலும்தான். கோழி நன்றாக முட்டையிட 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். நம் பக்கம் மார்கழிப் பகல் பதினொன்றரை மணி நேரம்தான். பண்ணைகளில் விளக்குப் போட்டு ஈடுகட்டுவார்கள். வீட்டுக்கு வளர்க்கிற நாட்டுக்கோழிக்கு நான் அதைச் செய்ய மாட்டேன். இறகு உதிர்த்துப் புதுச் சட்டை போட்டுக்கொள்கிற காலம் அது. அந்த இரண்டு மாத ஓய்வை எடுத்துக்கொள்ளட்டும்.

வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியை மட்டும் கோடை முற்றுவதற்குள் போட்டுவிடுங்கள். பெரும்பாலும் பிப்ரவரியில் கால்நடைத் துறை ஊர் ஊராக முகாம் நடத்தும், இலவசம். வெயிலில் தளர்ந்த கோழியை அந்த நோய் கூட்டத்தோடு கொண்டுபோகும். ஊசிக்காகக் கோழியைப் பிடிப்பதும் விடியற்காலையிலோ இருட்டிய பிறகோ இருக்கட்டும். மத்தியானம் கோழியைத் துரத்துவதே அதைக் கொல்வதற்குச் சமம்.

வீட்டுப் பரணில் அம்மிச்சியின் கொடாப்பு இன்னும் இருக்கிறது. போன மாதம் தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் கவிழ்ப்பதற்காக இறக்கித் துடைத்தேன். நாலாபுறமும் சிம்புகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி. மார்கழிப் பனியில் அம்மிச்சி அதன் மேல் ஒரு பழைய சாக்கைப் போடுவார். உச்சியில் ஒரு கையகலத்துக்கு மட்டும் சாக்கை விலக்கி வைத்திருப்பார். சின்ன வயதில் நான் அதை இழுத்து முழுசாக மூடுவேன், குஞ்சுக்குக் குளிருமே என்று. விடிந்து பார்த்தால் திரும்ப விலகியிருக்கும். ராத்திரி எப்போதோ எழுந்து வந்து விலக்கிவிட்டுப் போயிருப்பார். ஏன் என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

போன தையில் ஒருநாள் விடியற்காலை அக்கா போன் பண்ணினாள். வெளியே புல் வெள்ளையாகக் கிடக்கிறதாம், குழாயில் தண்ணீர் வரவில்லையாம். “கோழி எப்படி இருக்குக்கா?” என்றேன்.

“கூரையில கை வெச்சுப் பாத்துட்டுத்தான் பேசறேன். ஒரு பொட்டு ஈரமில்லை. எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்குதுக. கறுப்பிய தூக்கி நெஞ்சுக்குள்ள கைய விட்டேன், கணப்பு மாதிரி இருக்குதுடி” என்றாள்.

இங்கே பங்குனி பிறந்துவிட்டது. முதல் கை சுண்ணாம்பு போன மாதமே அடித்தாயிற்று. இரண்டாவது கைக்கு ஊறப்போட்டது வாளியில் இருக்கிறது. வெயில் ஏறுவதற்குள் ஏணியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.